எட்டு வாரப் பேஸ்டல் வகுப்பில் என் தந்தையும் ஒரு கறுப்புப் பூனையும்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடக்கும் எட்டு வாரப் பேஸ்டல் (வண்ணக்குச்சி) ஓவிய வகுப்பில் கடந்த ஆண்டின் கடைசி மாதங்களில் படித்து முடித்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும் வகுப்பு அது. முதல் நான்கு வாரங்கள் மனித முகம், அடுத்த நான்கு வாரங்கள் விலங்குகள். இரண்டிலும் பேஸ்டலுடன் நீர்வண்ணம், அக்ரிலிக், கரிக்கட்டி ஆகியவற்றைச் சேர்த்து வரையும் கலப்பு ஊடகப் பயிற்சி உண்டு என்று விளம்பரம் சொன்னது. கட்டணம் 440 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பொருள்களுக்குத் தனியாக 90 வெள்ளி. ஒரே ஆசிரியர் தம் சொந்த முயற்சியில் நடத்தும் சிறிய இடம் என்பதாலும், நிறைகளோடு குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும், பெயரை விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரில் எந்தப் பேஸ்டல் வகுப்பில் சேர நினைப்பவரும் பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதாவது இதிலிருந்து தெரியவரும்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். என் தந்தை, பிரிட்டிஷ் படைகள் 1971-இல் வெளியேறும் வரை, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நான் சிறுமியாக இருந்தபோதே மறைந்துவிட்டார். அவருடைய முகம் தெளிவாகத் தெரியும் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: திருமணத்துக்கு முன்பு, சிராங்கூன் சாலையில் அந்நாளில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அக்காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டுவார்கள். தீட்டிய இடம் அச்சில் வெளுத்து விழும். அம்மைத் தழும்பையும் பருவையும் மறைக்க வந்த அந்தக் கைவேலை நம்மவர்களின் நிறத்தையும் சேர்த்து மறைத்தது. நல்ல கறுப்பான என் தந்தை அந்தப் படத்தில் மாநிறத்துக்கும் ஒரு படி மேலாக வெளுத்திருக்கிறார். "இது அவரில்ல, அவருக்குத் தம்பி இருந்திருந்தா இப்படி இருந்திருப்பார்" என்று என் அம்மா இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, உண்மையான நிறத்தில் என் தந்தையை வரைய வேண்டும் என்பதே என் நோக்கமாக இருந்தது. விலங்குப் பகுதியை, துணியோடு வரும் இலவசப் பையைப் போலத்தான் நினைத்திருந்தேன்.

பேஸ்டல் என்றதும் இங்குப் பள்ளியில் படித்த பலருக்கும் நினைவுக்கு வருவது எண்ணெய்ப் பேஸ்டல்தான். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் அறிமுகப்படுத்திய வகை அது. மெழுகும் எண்ணெயும் கலந்திருப்பதால் விரலில் பிசுபிசுக்கும், முழுதாகக் காய்வதும் இல்லை. இந்த வகுப்பில் பயன்படுத்துவது மென் பேஸ்டல். நிறமித் தூளோடு சுண்ணம் போன்ற ஒரு நிரப்பியையும், குச்சி உதிராமல் நிற்கும் அளவுக்கு மட்டும் சிறிது பிசினையும் சேர்த்து உருட்டிக் காயவைத்தால் அது மென் பேஸ்டல். எண்ணெய் இல்லாததால் காலப்போக்கில் மஞ்சளிப்பதில்லை. பிசின் குறைவாக இருப்பதால் நிறமி ஏறத்தாழ அப்படியே தாளில் உட்கார்ந்து ஒளிவிடும். அதே காரணத்தால் சட்டைக் கை பட்டாலும் கலைந்துவிடும். ஆசிரியர் இதையெல்லாம் சொற்பொழிவாகச் சொல்லாமல், ஒரு குச்சியை உடைத்து, பாதியைத் தூளாக்கி, எங்கள் விரல்களில் தடவிக் காட்டியே முதல் அரை மணி நேரத்தில் புரியவைத்தார். பேச்சைவிடக் கைக்கு முதலிடம் கொடுப்பவர் என்பது அப்போதே தெரிந்தது.

ஆனால் 90 வெள்ளிக்குக் கையில் கிடைத்த பெட்டியைத் திறந்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உருவப்படத் தொகுப்பு என்று மேலே அச்சிட்டிருந்த அந்தப் பெட்டியில் நாற்பது அரைக்குச்சிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்: பதினெட்டு குச்சிகள் இளஞ்சிவப்பு, பாலேடு, வெளிர் ஆரஞ்சு வகையறா, பழுப்பு என்று சொல்லத்தக்கவை நான்கே, அவற்றிலும் இரண்டு செங்கல் நிறம். நான் தொடக்கப்பள்ளியில் படித்த நாள்களில், பக்கத்து இருக்கைக்காரியிடம் "ஸ்கின் கலர் கொடு" என்று கேட்டால் அவள் வெளிர் ஆரஞ்சு கிரெயானைத்தான் எடுத்துக் கொடுப்பாள். கேட்ட என் கையும் கொடுத்த அவள் கையும் அந்த நிறத்தில் இல்லை என்பது இருவருக்கும் தோன்றியதே இல்லை. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் அந்த நிறத்துக்குச் 'சதை' என்று வைத்திருந்த பெயரை 1962-இலேயே மாற்றிவிட்டது. பெயர் போய்விட்டாலும் பழக்கம் பெட்டிகளுக்குள் தங்கிவிட்டது.

அதற்கு ஒரு வரலாறும் உண்டு. பேஸ்டல் உருவப்படம் ஐரோப்பாவில் பெரும் மோகமாக வளர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில். வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா, பிரான்சின் மோரிஸ் கான்தான் தெ லா தூர், ஜெனீவாவில் பிறந்த ழான் எத்தியேன் லியோத்தார் ஆகியோர் அதன் பெரிய பெயர்கள். அவர்களிடம் வரையக் கொடுத்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் முகத்திலும் தலைமுடியிலும் வெண்தூள் பூசிய பிரபுக்களும் சீமாட்டிகளும்தான். மாவு பூசிய முகத்தை மாவு போன்ற பொருளால் வரைந்தார்கள். அதில் அவர்களை யாரும் விஞ்ச முடியாது. ஆனால் 2020-களில், ஒரு வகுப்பில் ஏழு பேர் இருந்தால் அவர்களில் ஓரிருவராவது பழுப்பு நிறத்தவர்களாக இருக்கும் ஊரில், அந்தப் பெட்டியை அப்படியே வாங்கிக் கொடுப்பது கவனக்குறைவு. ஆசிரியரிடம் என் தந்தையின் படத்தைக் காட்டி, "இந்தப் பெட்டியில் இவர் இல்லையே" என்றேன். அவர் மழுப்பவில்லை. பெட்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூன்றாம் வாரம் வரை பொறுத்திருக்கச் சொன்னார்.

முதல் இரண்டு வாரங்களில் வண்ணமே இல்லை. கரிக்கட்டியும் சாம்பல் நிறத் தாளும் மட்டும். எல்லோரும் தத்தம் படத்தைத் தலைகீழாக வைத்து, கண், மூக்கு என்று பார்க்காமல், வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை நான்கே படிகளில் முகத்தைப் பிரித்து வரைய வேண்டும். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த இளைஞர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டார். வண்ணத்துக்குப் பணம் கட்டியவருக்குக் கரி கிடைத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆயினும் இந்த இரண்டு வாரங்கள் இல்லாமல் மூன்றாம் வாரம் எனக்கு விளங்கியிருக்காது. நிறம் எதுவாக இருந்தாலும் அடர்த்தி சரியாக இருந்தால் முகம் முகமாகத் தெரியும் என்பதை இந்தப் பயிற்சியில்தான் என் கண் ஒப்புக்கொண்டது.

மூன்றாம் வாரம் ஆசிரியர் தம் சொந்த இழுப்பறையிலிருந்து ஒரு மரத்தட்டை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். அதில் பழுப்பு குறைவாகவே இருந்தது. கருநீலம், கத்தரிப்பூ நிறம், காய்ந்த இரத்தத்தின் சிவப்பு, பாசிப்பச்சை, புகையிலை நிறம், ஈயச் சாம்பல் ஆகியவைதான் பெரும்பகுதி. கறுப்புக் குச்சியை என் பெட்டியிலிருந்து எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கறுத்த முகத்தைப் பழுப்போடு கறுப்பைக் கலந்து வரைந்தால் அது கரி பூசிய முகமாகத்தான் வரும் என்றும், கறுப்புக் குச்சி பக்கத்தில் உள்ள எல்லா நிறத்தையும் சாம்பலாக்கிவிடும் என்றும் விளக்கினார். கன்னத்தின் நிழலுக்கு முதலில் கருநீலத்தையும் கத்தரிப்பூ நிறத்தையும் பக்கவாட்டில் படுக்கவைத்து லேசாகத் தேய்க்கச் செய்தார். அதன் மேல் செம்பழுப்பு, தாடைக்குக் கீழே, கழுத்து திரும்பும் இடத்தில், சிறிது பாசிப்பச்சை. விரலால் கலக்கக் கூடாது. ஒரு நிறத்தின் இடைவெளிகளில் அடியில் உள்ள நிறம் தெரிய வேண்டும்.

வெளிச்சம் விழும் இடங்களில்தான் நான் அதிகம் தடுமாறினேன். நெற்றியின் மேட்டிலும் மூக்குத் தண்டிலும் வெளிர்ப் பழுப்பைப் போட்டேன். முகம் உடனே வீங்கிய மாதிரி ஆயிற்று. ஆசிரியர் என்னைச் சன்னலோரம் அழைத்துப் போய், என் முன்கையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். வெளுத்த தோலில் உள்ளே புகுந்து சிதறி வெளியே வரும் ஒளி அதிகம். ஆகவே வெளிச்சப் பகுதியும் தோலின் நிறத்தையே காட்டும். கறுத்த தோலில் அந்தச் சிதறல் குறைவு. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் எடுப்பாகத் தெரியும், அந்த ஒளிக்கு வானத்தின் நிறமோ விளக்கின் நிறமோ இருக்கும். என் முன்கையில் மினுங்கிய கோடு உண்மையிலேயே வெளிர்நீலமாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு என் கையில் நீலம் இருப்பதை அன்றுதான் கண்டேன். திரும்பி வந்து, என் தந்தையின் நெற்றியில் அந்த வெளிர்ப் பழுப்பைத் துடைத்தெடுத்துவிட்டு, நீலச் சாம்பலால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். 440 வெள்ளியில் பாதிக்கு மேல் அந்த ஓர் இழுப்புக்கே தகும் என்பது என் கணக்கு.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓவியக் கையேடுகள் பெரும்பாலும் வடக்குச் சன்னலின் ஒளியில் வரையச் சொல்கின்றன. அங்கு நேர் வெயில் வராது, ஒளி நாள் முழுதும் மாறாது என்பது காரணம். அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நம் ஊரில் மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். எங்கள் வகுப்பு ஆண்டிறுதியில் நடந்ததால் அந்தச் சன்னல் தொல்லை தரவில்லை. ஆண்டு நடுவில் சேர்பவர்கள் திரைச்சீலை உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தாளைப் பற்றி ஆசிரியர் சொல்லித் தந்தது தனியே மெச்சத்தக்கது. பேஸ்டலுக்குத் தாளின் சொரசொரப்புதான் உயிர். அது பிடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் அடுக்குகள் ஏறும். பள்ளி மாணவர்கள் வரை எல்லோரும் வாங்கும் கான்சன் மி-தேந்த் தாளின் ஒரு பக்கத்தில் தேன்கூடு போன்ற வரிவடிவம் இருக்கும். முகம் வரைய அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பயன்படுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, எனக்கும் தெரியாது. கிளேர்ஃபோந்தேன் நிறுவனத்தின் பேஸ்டல்மேட் தாள் விலை கூடியது. தொட்டால் வழவழப்பாகவே தோன்றும், ஆனால் மேற்பூச்சில் உள்ள நுண்ணிய இழைகள் தூளை இறுகப் பற்றிக்கொள்ளும். கறுத்த முகத்துக்கு ஏழெட்டு அடுக்குகள் தேவைப்படுவதால் எனக்குப் பேஸ்டல்மேட்டே ஒத்துவந்தது. பெட்டியோடு கொடுத்த ஐந்து தாள்களும் மெல்லிய ரகம். நான்காம் அடுக்கிலேயே தூள் வழுக்கத் தொடங்கியது. பிராஸ் பசா கட்டடத்துக்குப் போய் நானே நல்ல தாளும், தனிக்குச்சிகள் பத்தும் வாங்கிக்கொண்டேன். அந்த 90 வெள்ளியைக் கொடுக்காமல் நேரே அங்கே போயிருந்தால் என்ன என்ற எண்ணம் இப்போதும் எழுகிறது.

கலப்பு ஊடகம் என்ற சொல் பல வகுப்புகளில் ஒப்புக்குத்தான் இருக்கும். வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டிவிட்டு அதற்குப் பெரிய பெயர் வைப்பதை வேறிடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வோர் ஊடகத்துக்கும் காரணம் இருந்தது. பின்னணியையும் சட்டையையும் மெல்லிய அக்ரிலிக் பூச்சால் முடித்துவிட்டால், பேஸ்டலின் சொரசொரப்பு முழுவதையும் முகத்துக்காகச் சேமிக்கலாம். சொரசொரப்பான தாளில் முதல் அடுக்குப் பேஸ்டலைப் போட்டு, அதன் மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினால், தூள் கரைந்து நீர்வண்ணம் போலப் பரவி, சில நிமிடங்களில் காய்ந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புதிதாகத் தொடங்கியது போல அடுக்குகளை ஏற்றலாம். கோவிட் காலத்தில் வாங்கிக் குவித்த கைத்தூய்மிக் களிம்பை இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். களிம்பு பிசுக்கை விட்டுவிடும், கூடாது. தக்கைத்தூள் பூச்சுள்ள சென்னலியே லா கார்த் போன்ற தாள்களில் நீர் பட்டால் பூச்சே கரைந்து வந்துவிடும் என்ற எச்சரிக்கையையும் ஆசிரியர் சேர்த்துச் சொன்னார். பேஸ்டலைப் பிற ஊடகங்களோடு சேர்ப்பது புதுமோகம் என்று எண்ணியிருந்தேன்; பிரெஞ்சு ஓவியர் டெகா 1870-களிலேயே ஒற்றை அச்சுப்படங்களின் மேல் பேஸ்டல் தீட்டியிருக்கிறார் என்பதை ஓர் அச்சுப் படத்தைக் காட்டி விளக்கினார்.

இவ்வளவு கவனமாக முகத்தைக் கற்பித்த மனிதர் விலங்குப் பகுதியில் ஏனோ கையை இறக்கிவிட்டார். ஐந்தாம் வாரம் எங்கள் மேசைகளில் இருந்தவை அச்சிட்ட புகைப்படங்கள்: பொன்னிற ரிட்ரீவர் நாய், பனியில் நிற்கும் நரி, வெண்பூனை, ஒரு குதிரை. யாரோ எங்கோ எடுத்த படங்கள். அவற்றைக் கட்டம் போட்டு நகலெடுப்பதுதான் பாடம். நகலெடுப்பதால் கை பழகும் என்பது உண்மை. ஆனால் பீஷானிலும் காலாங் ஆற்றிலும் நீர்நாய்கள் குடும்பத்தோடு உலவும், அடுக்குமாடிப் புளோக்கின் மாடிக் கைப்பிடியில் இருவாச்சிப் பறவை வந்து உட்காரும் ஊரில், பனிநரியைப் பார்த்து வரைவதற்கு என்ன கட்டாயம் என்று எனக்குப் புரியவில்லை. நம் ஐம்பது வெள்ளித் தாளைத் திருப்பிப் பார்த்தால், வீணைக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் அருகே சென் வென் சியின் இரண்டு கிப்பன் குரங்குகள் கொடிகளுக்கிடையே இருக்கும். 1948-இல் சிங்கப்பூருக்கு வந்த அந்த ஓவியர் கிப்பன்களை வீட்டிலேயே வளர்த்து, அவை தாவுவதையும் கை நீட்டுவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர். கூடுதல் தாளுக்காக ஆசிரியரிடம் அதே ஐம்பது வெள்ளித் தாளை நீட்டியபோது இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், வாய் வரவில்லை. வகுப்பு முடிந்தபின் கொடுத்த கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டேன்.

பனிநரியை வரைய மறுத்து, நான் வீட்டிலிருந்து மிளகின் படங்களைக் கொண்டுபோனேன். மிளகு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வளர்ந்த கறுப்புப் பூனை. காது நுனி வெட்டப்பட்டது, வால் கொக்கி போல மடிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து விதி மாறியதும் சட்டப்படி எங்கள் வீட்டு உறுப்பினர் ஆனது. ஆசிரியர் ஆட்சேபிக்கவில்லை, இன்னும் சொல்லப்போனால், அந்தப் படத்தைக் கண்டபின்தான் அவருக்கு உற்சாகம் திரும்பியது. என் தந்தையின் கன்னத்துக்குச் செய்ததையே பூனையின் விலாவுக்கும் செய்யச் சொன்னார். சட்டைப்பையில் போன கறுப்புக் குச்சி இப்போதும் வெளியே வரவில்லை.

கறுப்பு ரோமத்தில் வானத்தைப் பார்க்கும் முதுகுப் பக்கம் நீலம். வெயிலில் அதிகம் படுத்துக் கிடக்கும் பூனையின் ரோமம் வெளுத்துத் துருநிறமாவதால், தோளிலும் தொடையிலும் செம்பழுப்பு. வயிற்றடியில், தரையின் ஒளி தெறிக்கும் இடத்தில், மங்கிய ஊதா. இவற்றை அடியில் பூசிவிட்டு, ரோமம் வளரும் திசையில், வேரிலிருந்து நுனிக்கு, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பேஸ்டல் பென்சிலால் இழுக்க வேண்டும். மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும் ரோமமும், கன்னத்திலிருந்து பின்னோக்கிப் படியும் ரோமமும் எங்கே பிரிகின்றன என்பதைத் தாளில் முதலில் அம்புக்குறிகளாகப் போட்டுக்கொண்டோம். கண்ணை முதலில் முடிக்கச் சொன்னார்: மேலிமையின் நிழல் கருவிழி மேல் விழுவதைக் காட்டாவிட்டால், கண் பொத்தானைப் போல ஒட்டவைத்ததாகத் தெரியும். மீசை ரோமத்தைக் கடைசியில், ஒரே வீச்சில், மூச்சை அடக்கிக்கொண்டு. நான்கு தாள்களை அதில் கெடுத்தேன். மற்ற ஆறு பேரின் ரிட்ரீவர்களும் நரிகளும் ஒன்றுபோலவே நன்றாக இருந்தன. மிளகு சற்றுக் கோணலாக இருந்தாலும் மிளகாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், தான் அறிந்த விலங்கை வரைபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் தெளிவாகவே தெரிந்தது.

அறையைப் பற்றிக் கொஞ்சம். படிக்கட்டு செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். பேஸ்டல் தூள் மூச்சில் போகக் கூடாது, அதிலும் காட்மியம் போன்ற நிறமிகள் கலந்த குச்சிகளின் தூள் கூடவே கூடாது. ஊதித் தள்ளாமல் தாளைச் சாய்த்துத் தட்டச் சொன்னதும், ஈரத்துணியால் மேசையைத் துடைக்கவைத்ததும் சரி. ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டே இருந்தது; குளிர்சாதனம் போதாததால் அதை நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டியது. இரண்டில் எது குறைந்த தீமை என்று ஒவ்வொரு வாரமும் வாக்கெடுப்பு நடக்காத குறைதான்.

வகுப்பின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வரைந்து முடித்த பேஸ்டல் ஓவியத்தை என்ன செய்வது என்பதற்கு எட்டாம் வாரத்தின் கடைசிப் பதினைந்து நிமிடங்களே ஒதுக்கப்பட்டன. தூள் உதிராமல் நிலைப்படுத்தும் தெளிப்பைக் கடைசியில் அள்ளித் தெளித்தால் வெளிர் நிறங்கள் மங்கி, மொத்தப் படமும் ஒரு படி கறுத்துவிடும். வேண்டுமானால் அடுக்குகளுக்கு இடையில் மெல்லிய தூவலாக மட்டும் போட வேண்டும். இதை மட்டும் சொன்னார். அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே நின்று அடிப்பது என்பதையும் சொல்லியிருக்கலாம். பொதுத் தாழ்வாரத்தில் அடித்த என்னிடம் எதிர்வீட்டு அம்மா வந்து எரிவாயுக் கசிவா என்று விசாரித்தார்.

சட்டமிடுவதைப் பற்றி எதுவுமே சொல்லாததன் விலையை நான் கொடுத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சட்டக் கடையில் என் தந்தையின் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை நேரே படத்தின் மேல் அழுத்திப் பொருத்தித் தந்தார்கள். மூன்று வாரங்களில் நெற்றியின் அந்த நீலச் சாம்பல் கோட்டில் பாதி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கீழ் ஓரத்தில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சணமும் தலைகாட்டியது. பிறகு நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துப் படித்துத்தான் முறையைத் தெரிந்துகொண்டேன். பேஸ்டலுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றிடைவெளி வேண்டும். அதற்காக, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி, மெல்லிய இடைப்பட்டைகளை வைப்பார்கள். உதிரும் தூள் அட்டையின் முகத்தில் விழாமல் அதற்குப் பின்னால் விழும். எடை குறைவு என்று கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகட்டைப் போடக் கூடாது, அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், வெளிச்சுவரிலோ குளியலறைச் சுவரிலோ மாட்டாமல், சட்டத்தின் பின்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று போகவிட வேண்டும். வேறொரு கடையில் இவற்றைச் சொல்லியே செய்துகொண்டேன். 85 வெள்ளி ஆயிற்று. ஆசிரியர் ஒரு வாரத்தை இதற்குக் கொடுத்திருந்தால், ஏழு பேருக்கும் பயன்பட்டிருக்கும். பனிநரிக்குக் கொடுத்த வாரம் இருந்ததே.

மொத்தத்தில் கட்டணம், பெட்டி, கூடுதல் தாள், தனிக்குச்சிகள், இரண்டு முறை சட்டம் எல்லாம் சேர்ந்து எனக்கு 800 வெள்ளிக்கு மேல் செலவானது. விளம்பரத்தில் 530 என்று பார்த்துவிட்டு வருபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே பென்சிலால் ஓரளவு முகம் வரையத் தெரிந்தவர்களுக்கு, குறிப்பாக நம்மவர் முகங்களை வரைய விரும்புபவர்களுக்கு, முதல் நான்கு வாரங்களைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கறுத்த தோலை இவ்வளவு பொறுமையாக, ஒளியின் காரணத்தோடு கற்பிப்பவரை நான் இதற்கு முன் இங்கே கண்டதில்லை. பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொந்தக் குச்சிகளோடு போங்கள். அவர் தடுப்பதில்லை, நான் கேட்டுவிட்டேன். விலங்குகளுக்காக மட்டும் சேர்பவர்கள், தங்கள் விலங்கின் படங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்படி எடுத்துக்கொண்டு, போக வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். தூளும், இரண்டு வாரக் கரியும், அவர்களுக்கு ஒத்துவரா. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. என் பக்கத்தில் இருந்த வயதான அம்மாவுக்கு ஆசிரியர் பாதி மலாயிலும் பாதி கையசைவிலும் விளக்கினார், அவருக்கு எல்லாம் புரிந்தது.

புதிய சட்டத்தில் படத்தைப் பொங்கலுக்கு முன்தினம் வரவேற்பறையில் மாட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "மீசைய இவ்ளோ மொத்தமா அவர் வச்சதே இல்ல" என்றார். அடுத்த பருவத்துக்கான முகப் பகுதிக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்; மீசையைப் பற்றிக் கேட்க வேண்டும்.